பதினைந்து ஆண்டு, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்: எந்த எஸ்யூவி உழைக்கும்?

"எந்த பிராண்ட் நம்பகமானது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் கேள்வி இன்னும் குறிப்பானது. திருச்சியில் வீட்டிலிருந்து அலுவலகம் ஒரு வழி 7 கி.மீ. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கோவில்பட்டி. ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கி.மீ. ஆன்ரோடு 18 லட்சம் வரை போகலாம், வாங்கினால் 15 வருடம் மாற்றக்கூடாது. ஜப்பான் வண்டிதான் உழைக்கும் என்கிறார் உங்கள் மாமா. ஐரோப்பிய வண்டியின் கட்டுமானமே வேறு என்கிறார் நண்பர். ஹூண்டாய் கிரெட்டா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா எலிவேட், ஃபோக்ஸ்வாகன் டைகுன், மஹிந்திரா ஸ்கார்பியோ-என் ஐந்துக்கும் நடுவே நிற்கிறீர்கள். இந்த ஓட்டத்துக்கு, இந்த ஊர் வெயிலில், பதினைந்து வருடம் பெரிய செலவு வைக்காமல் எது ஓடும் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்குப் பதில் பிராண்ட் பெயரில் இல்லை. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வேரியன்ட் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 10,000 கி.மீ. என்றால் 15 வருடத்தில் ஒன்றரை லட்சம். இன்று விற்கும் எந்த நல்ல நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கும் இது பெரிய தூரமே இல்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் எஞ்சின் அதைத் தாண்டிவிடும். டாக்ஸியாக ஓடிய இன்னோவா நான்கு லட்சம், ஐந்து லட்சம் கி.மீ. போனதைச் சொல்லி யாராவது உங்களுக்கு ஆலோசனை தந்தால், அது உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. அந்த வண்டி அந்தத் தூரத்தை ஆறேழு வருடத்தில், பெரும்பாலும் நெடுஞ்சாலையில், எஞ்சின் சூடாகவே இருக்கும் நிலையில் ஓடி முடிக்கிறது. உங்கள் வண்டி ஓட்டத்தால் தேயப் போவதில்லை, வயதால்தான் தேயும். ரப்பர் புஷ், எஞ்சின் மவுண்ட், கூலன்ட் ஹோஸ், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூடிப் பகுதிகள், தெர்மோஸ்டாட் ஹவுசிங், கதவு பீடிங், ஒயரிங் கனெக்டர், சென்சார், தொடுதிரை ஆகியவை கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. மே மாத வெயிலில் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அவை முதுமை அடைகின்றன. அதனால் நீங்கள் தேட வேண்டியது எளிமையான அமைப்பும், பத்து வருடம் கழித்தும் கையில் கிடைக்கும் உதிரிபாகமும் உள்ள வண்டியை.

உங்கள் ஓட்டத்தில் இன்னொரு கடினம் இருக்கிறது. ஒரு வழி 7 கி.மீ. என்பது எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் அணைத்துவிடும் தூரம். எரியாமல் நழுவும் எரிபொருளும் நீராவியும் ஆயிலில் கலக்கும். அவை ஆவியாகிப் போக வாய்ப்புக் கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஓடும் 10,000 கி.மீ. விட இந்த 10,000 கி.மீ. எஞ்சினுக்குக் கடுமையானது. ஓனர் மேனுவலில் கடுமையான உபயோகத்துக்கென்று ஒரு தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூரப் பயணம், புழுதி, நெரிசல் எல்லாம் அதில்தான் வரும். நீங்கள் பின்பற்ற வேண்டியது அந்த அட்டவணையை.

இதனாலேயே டீசலை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டி வந்துவிட்டது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்து, நிரம்பும்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு இது. எரிக்க வேண்டுமானால் வடிகட்டிக்குள் சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கு இடைவிடாமல் பதினைந்து, இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தில்லைநகர் போக்குவரத்தில் அது நடக்காது. எரிக்கும் வேலை தொடங்கும், நீங்கள் வீடு வந்து அணைப்பீர்கள், மறுநாள் மீண்டும் தொடங்கும். வெப்பம் கூட்டுவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், பிறகு டர்போவும் பேரிங்கும் பாதிக்கப்படும். மாதம் ஒருமுறை கோவில்பட்டி போவது ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் இடையில் நான்கு வாரம் கரி சேர்ந்துகொண்டே இருக்கும். இதோடு புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வில் படியும் கரி, சில வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலின் டேங்க், அதன் பம்ப், அதன் சென்சார் என்று வயதாகும்போது செலவு வைக்கக்கூடியவை பட்டியலாக நீளும். ஸ்கார்பியோ-என் டீசலின் 2.2 லிட்டர் எம்ஹாக் நல்ல எஞ்சின், கிரெட்டாவின் 1.5 டீசலும் அப்படியே. குறை உங்கள் உபயோகத்தில்தான்.

ஸ்கார்பியோ-என் பற்றி இன்னொன்று. தனி சேஸிஸ் மேல் பாடி உட்காரும் வண்டி என்பதால் "உறுதி" என்ற பேச்சு வரும். சுமை ஏற்ற, கரடுமுரடான பாதையில் முறுக்கம் தாங்க அந்த அமைப்பு பொருத்தமானது. வயதைத் தாங்குவதற்கும் சேஸிஸுக்கும் தொடர்பு இல்லை. எடை கூடும்போது டயர், பிரேக், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் சீக்கிரம் தேயும், பெட்ரோல் மாடலில் எரிபொருளும் கூடுதலாகப் போகும். கிராமத்துப் பாதை மோசமாக இருந்து வாராவாரம் போக வேண்டியிருந்தால் நிலைமை வேறு.

இப்போது நண்பர் சொன்ன டைகுன். ஸ்கோடா குஷாக்கும் அதுவும் ஒரே தளத்தில், ஒரே எஞ்சின்களோடு வருபவை. 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இரண்டும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. அது பெரிய விஷயம், குடும்பத்தோடு போகும் யாரும் மதிக்க வேண்டியது. ஆனால் மோதலில் பாடி உறுதியாக நிற்பதும், பன்னிரண்டாவது வருடத்தில் ஏசியும் கியர்பாக்ஸும் வேலை செய்வதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். கதவு மூடும் சத்தத்தை வைத்து இரண்டாவதை யாரும் கணிக்க முடியாது. டைகுனின் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். உலர் கிளட்ச் என்றால் ஆயிலில் குளிராமல், மேனுவல் வண்டியின் கிளட்ச் போலக் காற்றில் இயங்குவது. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் அது சூடாகும். இதே குடும்ப கியர்பாக்ஸின் முந்தைய தயாரிப்புகளுக்காக ஃபோக்ஸ்வாகன் 2013-இல் சீனாவில் மட்டும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. பிறகு மேம்படுத்தியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் வாரன்டி முடிந்த பிறகு அதன் கியரை மாற்றும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியான மெகாட்ரானிக் யூனிட் போனால் வரும் பில் லட்சங்களில் இருக்கக்கூடும், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த வெளி மெக்கானிக்கும் அரிது. டைகுன்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் 1.0 டிஎஸ்ஐ எடுங்கள், மேனுவல் அல்லது டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஆட்டோமேட்டிக். நெரிசலில் டார்க் கன்வர்ட்டர் பொறுமையானது. டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் உள்ள எஞ்சின் என்பதால் அதன் ஆயிலை 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். நேரடித் தெளிப்பில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. அதனால் வால்வைக் கழுவ எதுவும் இல்லாமல் வருடங்கள் செல்லச் செல்லக் கரி படியும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது. ஒரு கட்டத்தில் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். கிரெட்டா, கியா செல்டோஸ் வண்டிகளின் 1.5 டர்போவுக்கும், டிசிடி எனும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் இதே வகைக் கவலைகள் பொருந்தும். பிராண்டைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஒரே கிரெட்டாவில் நீண்டகாலத்துக்கு ஏற்ற எஞ்சினும் இருக்கிறது, கவனம் கேட்கும் எஞ்சினும் இருக்கிறது.

மிஞ்சுவது டர்போ இல்லாத 1.5 பெட்ரோலும், பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிடும். உங்களுக்கான விடை இங்கேதான். கிரெட்டாவின் 115 பிஎஸ் 1.5 எம்பிஐ, எலிவேட்டின் 121 பிஎஸ் 1.5 ஐ-விடெக், ஹைரைடர் சாதா மாடலில் வரும் சுசுகியின் 103 பிஎஸ் கே15சி மூன்றுமே நான்கு சிலிண்டர், டைமிங் செயின் கொண்டவை. கிரெட்டா, எலிவேட் எஞ்சின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால் மேலே சொன்ன கரித் தொல்லை இல்லை. டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, அவற்றின் ஹோஸ்கள் இல்லை. ஓவர்டேக் செய்யும்போது எஞ்சினை விரட்ட வேண்டியிருக்கும், மலைப்பாதையில் மூச்சு வாங்கும். அந்த விலையைத்தான் நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கிறீர்கள். கே15சி எஞ்சின் எர்டிகாவிலும் பிரெஸ்ஸாவிலும் ஓடுவதால் அதன் பாகம் கிடைக்காத ஊர் இல்லை, பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. எலிவேட்டின் எஞ்சின் ஐந்தாம் தலைமுறை சிட்டியில் 2020 முதல் இருப்பது. ஹோண்டாவின் சர்வீஸ் வலை ஹூண்டாய், மாருதி அளவுக்குப் பரந்ததல்ல. திருச்சியில் இருக்கும் உங்களுக்கு அது தடையில்லை, ஆனால் கோவில்பட்டிப் பாதையில் நின்றுவிட்டால் அருகில் யார் என்று வரைபடத்தில் பார்த்துவையுங்கள்.

கியர்பாக்ஸில் மேனுவலே மிகக் குறைந்த ஆபத்து. ஊர் ஓட்டத்தில் 60,000 முதல் 80,000 கி.மீ.க்குள் ஒரு கிளட்ச் செட் மாற்ற நேரும், எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் முடியும் வேலை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கிரெட்டாவின் ஐவிடி, எலிவேட்டின் சிவிடி இரண்டும் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட் வழியாக இயங்குபவை) நிதானமாக ஓட்டுபவருக்கு நன்றாக உழைக்கும். இரண்டு நிபந்தனைகள். ஓனர் மேனுவலில் என்ன எழுதியிருந்தாலும் 40,000 முதல் 50,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது நான்கு வருடத்துக்கு ஒருமுறை, கியர்பாக்ஸ் ஃப்ளூயிடை மாற்றுங்கள். கம்பெனி குறிப்பிட்ட ஃப்ளூயிட் மட்டுமே, "எல்லாச் சிவிடிக்கும் பொருந்தும்" என்று விற்பது வேண்டாம். இன்னொன்று, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது, அது தேவைக்கு மேற்பட்டது. டொயோட்டா இந்த அமைப்பை 1997-இல் ஜப்பானில் பிரியஸில் தொடங்கி இன்றுவரை மெருகேற்றி வருகிறது. இ-சிவிடி என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெல்ட்டும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. ஒரு பிளானட்டரி கியரும் இரண்டு மோட்டார்களும்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது, பிரேக் பேட் மெதுவாகத் தேய்கிறது. ஊர் நெரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு உங்கள் பட்டியலில் இல்லை. ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி. 15 வருடக் கணக்கில் பேட்டரியை ஒருமுறை மாற்ற நேரலாம் என்று வைத்து அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குவதே விவேகம். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையின் வடிகட்டியை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அதன் மேல் பை, துணி வைக்காதீர்கள். அங்கே தூசு அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். பணக்கணக்கு மட்டும் உங்களுக்கு இடிக்கிறது. சாதா பெட்ரோல் ஊருக்குள் லிட்டருக்கு 13, ஹைப்ரிட் 21 தருகிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 290 லிட்டர் மிச்சம். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 29,000 சொச்சம். இரண்டுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் மூன்று லட்சம் என்றால் அதை மீட்கவே பத்து வருடம் ஆகும். அப்போது பேட்டரி வாரன்டி முடிந்திருக்கும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. தாண்டினால் ஹைப்ரிடுக்கே என் வாக்கு. மாருதியின் கிராண்ட் விட்டாராவும் கர்நாடகத்தின் பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில் இதே இயந்திரத்தோடு உருவாவதுதான், எந்த டீலர் உங்களுக்கு அருகில், எவர் சர்வீஸ் நேர்த்தி என்பதை வைத்து இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

எது உறுதி, எது அனுமானம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் அமைப்பு பற்றி மேலே சொன்னவை பொறியியல் உண்மைகள். "இந்த பிராண்ட் அந்த பிராண்டைவிட இத்தனை வருடம் கூடுதலாக உழைக்கும்" என்பது அப்படி அல்ல. அமெரிக்காவில் ஜே.டி. பவர், கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வெளியிடும் தரவரிசையை இங்கே மேற்கோள் காட்டுவார்கள். ஜே.டி. பவரின் நம்பகத்தன்மை ஆய்வு மூன்று வருடம் ஆன கார்களில் நூறு வண்டிக்கு எத்தனை புகார் என்று எண்ணுவது. அதில் தொடுதிரைக் கோளாறும் ஒரு புகார்தான், எஞ்சின் பழுதும் ஒரு புகார்தான். அங்கே விற்கும் மாடல்களும் வேறு. இந்தியாவில் பத்து, பதினைந்து வருடப் பழுதுகளை மாடல்வாரியாகக் காட்டும் கணக்கு வாங்குபவர் கைக்கு எளிதில் வருவதில்லை. அதனால் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி பற்றி மாமா சொல்வதை நான் மறுக்கவில்லை. பழைய, சோதித்த தொழில்நுட்பத்தை அவர்கள் அதிக காலம் வைத்திருப்பதே அந்தப் பெயருக்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

புது மாடல் வந்த முதல் வருடத்தில் வாங்காதீர்கள் என்பதை மட்டும் எல்லா பிராண்டுக்கும் பொதுவாகச் சொல்வேன். குஷாக் 2021-இல் வந்தபோது ஃப்யூயல் பம்ப் கோளாறால் இபிசி எனும் எஞ்சின் கோளாறு எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டிகள் நின்றன, பிறகு நிறுவனம் வலுவான பம்பைப் பொருத்தியது. ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சிக்கல் தெரியவே வாய்ப்பில்லை. நிறுவனம் நாட்டில் நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஷெவ்ரலே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலை நகரில் உருவான ஈகோஸ்போர்ட் நல்ல வண்டியாக இருந்தும் உரிமையாளர்கள் பாகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதாயிற்று. கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிறது, விற்பனையும் மிக அதிகம். இவ்வளவு வண்டி சாலையில் இருக்கும்போது 15 வருடம் கழித்தும் அசல் பாகம், மாற்று நிறுவனப் பாகம், பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகம் மூன்றுமே கிடைக்கும்.

வேரியன்ட் தேர்வு எஞ்சின் தேர்வுக்கு அடுத்த முக்கியம். டாப் மாடல் வேண்டாம், நடு மாடல் போதும். பனோரமிக் சன்ரூஃபின் நான்கு மூலையிலும் மழைநீர் இறங்கும் மெல்லிய குழாய்கள் உண்டு. வேப்பிலையும் புழுதியும் அடைத்தால் தண்ணீர் பில்லர் வழியாக உள்ளே இறங்கி கார்பெட்டையும் அடியில் போகும் ஒயரிங்கையும் நனைக்கும். கேமரா கொண்டு ஓட்டுநருக்கு உதவும் அடாஸ் அமைப்பு உள்ள வண்டியில் முன் கண்ணாடி உடைந்தால் கேமராவை மீண்டும் அளவீடு செய்ய வேண்டும். எல்இடி ஹெட்லைட்டில் பல்ப் மட்டும் மாற்ற முடியாது, முழு யூனிட்டாகத்தான் வரும். புக் செய்யும் முன் சர்வீஸ் சென்டரின் பாகக் கவுன்டருக்குப் போய் ஹெட்லைட் யூனிட், முன் கண்ணாடி, ஏசி கம்ப்ரஸர், கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர், சைடு மிரர் ஆறுக்கும் விலையும், ஆர்டர் போட்டால் வர எத்தனை நாள் ஆகும் என்பதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஷோரூமில் எவரும் சொல்லாத பலவற்றை அந்தத் தாள் சொல்லும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துருவை உண்டாக்கும். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. திருச்சித் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரிக்கும், அதே நிறுவனக் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு மேனுவல் சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். நம் வெயிலில் 12 வோல்ட் பேட்டரி மூன்று, நான்கு வருடம்தான், நின்றுபோகும் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள். பழைய பேட்டரியின் குறைந்த மின்னழுத்தம் தரும் பொய்யான எச்சரிக்கை விளக்குகளுக்காகவே பலர் நல்ல சென்சார்களை மாற்றியிருக்கிறார்கள். டயர் பட்டன் தேயாவிட்டாலும் ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள், தயாரித்த வாரமும் வருடமும் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றவை. மைலேஜ் சற்றுக் குறையும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்கில் பழைய பெட்ரோலை வைத்திருக்காமல் இருப்பது நல்லது. டெலிவரியின்போது டீலர் அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங் அடிப்பகுதியின் வடிகால் துளைகளை மூடியிருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள்.

ஆக, நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு என் முதல் தேர்வு கிரெட்டா 1.5 எம்பிஐ நடு வேரியன்ட், மேனுவல் அல்லது ஐவிடி. அதற்கு ஒட்டி எலிவேட். ஓட்டிப் பார்க்கும்போது எலிவேட்டின் இருக்கையும் பார்வையும் உங்களுக்குப் பிடித்து, சர்வீஸ் சென்டர் அருகில் இருந்தால் அதையே எடுங்கள். கம்பெனியே தரும் நீட்டித்த வாரன்டியை அதிகபட்ச வருடத்துக்கு வாங்குங்கள், டீலர் தன் பெயரில் விற்பதை அல்ல. பதினைந்தாவது வருடத்தில் ஆர்சியைப் புதுப்பிக்க எஃப்சி எடுக்க வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதுவரை எல்லா சர்வீஸ் பில்லையும் கோப்பில் வைத்திருங்கள். வேலை மாறி ஆண்டு ஓட்டம் 20,000 கி.மீ. தாண்டி, அதில் பெரும்பங்கு நெடுஞ்சாலை என்று ஆகுமானால் இந்தப் பதில் பொருந்தாது. அப்போது கிரெட்டா டீசலையும் அதன் டார்க் கன்வர்ட்டரையும் முதலில் பாருங்கள்.